லோரிஸ் அக்காவும் புளிப்பு அண்டாவும்

எங்கள் ஊரில் நசீப்பின் எவர்சில்வர் அண்டாவை என் சக்களத்தி என்றுதான் சொல்வார்கள். பக்கத்து வீட்டு ஃபரீத் வைத்த பெயர். காலையில் மாடியில் துணி உலர்த்தும்போது என்னைப் பார்த்துவிட்டால் போதும், "என்ன ஹியாம், சக்களத்தி சௌக்கியமா?" என்று கத்துவான். நான் கோபித்துக்கொண்டதே இல்லை. உண்மையும் அதுதானே. நான் காய்ச்சலில் கிடந்தபோதுகூட நசீப் என் நெற்றியை அவ்வளவு மெதுவாகத் துடைத்ததில்லை.

நசீப் என் கணவன். பத்ரூன் பள்ளிக்கூடத்தில் புவியியல் வாத்தியாராக இருந்தவன். ஓய்வு பெற்று வீட்டோடு வந்தபோது இரண்டு மாதம் ஆலிவ் மரங்களைப் பார்த்தான், இரண்டு மாதம் என்னைப் பார்த்தான். இரண்டிலும் திருத்த ஒன்றும் மிச்சமில்லை என்று தெரிந்ததும் பீர் காய்ச்ச ஆரம்பித்தான். திரிப்போலி துறைமுகத்தில் ஒரு வெல்டரைப் பிடித்து ஒரே அச்சில் இரண்டு அண்டா செய்து வாங்கினான். ஒன்று அடுப்பில் ஏற்ற. முளைகட்டிய பார்லியின் சாறு அதில் கொதிக்கும். இன்னொன்று ஆறிய சாற்றை ஊற்றி ஈஸ்ட் போட்டு மூடிவைக்க. அடுப்பு அண்டாவின் அடி சீக்கிரமே கறுத்துவிட்டது. மற்றது கண்ணாடி மாதிரி இருந்தது. சக்களத்தி அவள்தான். வீட்டுக்குக் கீழே அவன் அப்பா எண்ணெய் ஜாடி வைத்திருந்த கல் அறையில் குடியேறினாள்.

பீர் நன்றாகத்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான்கைந்து பேர் வருவார்கள், ஊறவைத்த துர்முஸ் பருப்பைத் தோல் உரித்து வாயில் போட்டுக்கொண்டு குடிப்பார்கள், அரசாங்கத்தைத் திட்டுவார்கள், போவார்கள். விஷயம் அபூனா பெஷாரா காதுக்கும் போயிற்று. அவர் எங்கள் பங்குச் சாமியார். மாதா திருநாள் விருந்துக்கு இந்த வருஷம் நசீப் வாத்தியாரின் பீர் என்று பூசையிலேயே அறிவித்துவிட்டார். நசீப் அன்றைக்குக் கோயிலிலிருந்து வீட்டுக்கு நடந்து வந்த விதத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஆயரே இறங்கி வருகிற மாதிரி வந்தான்.

அதற்கு அடுத்த தடவை காய்ச்சியதுதான் புளித்துப்போனது.

புளித்தது என்றால் லேசாக இல்லை. ஃபரீத் ஒரு வாய் குடித்தான், கண்ணை மூடினான், மெதுவாக விழுங்கினான். "நசீப், இதை ஃபத்தூஷ் சாலட் மேல ஊத்து. எலுமிச்சம்பழம் மிச்சம்" என்றான்.

அந்தச் சமயத்தில்தான் என் அக்கா லோரிஸ் எங்களோடு இருந்தாள். திரிப்போலியில் துணிக்கடை வைத்திருந்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "அழுக்கு பண்ண ஒரு ஆளைக் கூலி குடுத்து வைக்கணுமா?" என்பாள். மேல்மாடி வீடு. கட்டடத்தின் லிஃப்ட் செத்துப்போய், அதை யார் சரிசெய்வது என்று குடியிருப்பவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். "லிஃப்ட் ஓடுற வரைக்கும்" என்று ஒரு பெட்டியோடு வந்தாள். பெட்டியில் பாதி துணி, பாதி ப்ளீச் பாட்டில்.

அக்கா எதையும் ப்ளீச் போட்டுத்தான் கழுவுவாள். என் சமையல் மேடை, படிக்கட்டு, கதவுப்பிடி, பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் வெளுத்தன. ஒருநாள் என் பூனைகூட நீச்சல் குளத்து வாசனையோடு வந்து மடியில் ஏறியது.

பீர் புளித்த அன்றைக்கு அவள் கீழே போய் அண்டாவைச் சுற்றி வந்தாள். குனிந்து அடியில் இருந்த குழாயை மோந்து பார்த்தாள்.

"நசீப், நாத்தம் இந்தக் குழாயிலேருந்து வருது."

"வராது. ஒவ்வொரு தடவையும் கழுவறேன்."

"கழட்டிக் கழுவினியா?"

"அது கழட்டற சாமான் இல்ல, லோரிஸ். உள்ள ஒரு உருண்டை இருக்கு, திருகினா திரும்பும். வெந்நீர் விட்டா போதும்."

"வெந்நீர் விட்டா வெளியிலதான் போகும். உள்ள உக்காந்திருக்கறது உக்காந்துதான் இருக்கும்."

"நீங்க மேல போயி காபி குடிங்க. இந்த அறையில எதையும் தொடாதீங்க. தயவுசெய்து."

அக்கா மேலே வந்தாள். காபியும் குடித்தாள். ஆனால் அவள் காபி குடித்த விதமே எனக்குச் சரியாகப் படவில்லை.

மறுநாள் நசீப் பார்லியும், பீருக்குக் கசப்பு கொடுக்கிற ஹாப்ஸ் பூவும் வாங்க பெய்ரூத் போனான். அண்டாவின் உள்சுவரில் வெள்ளையாக ஒரு படிவு சேர்ந்திருந்தது, அதைக் கரைக்கப் பால்பண்ணைக்காரர்கள் ஒரு அமிலம் பயன்படுத்துவார்கள், அதையும் வாங்கி வருகிறேன் என்றான். ராத்திரி தம்பி வீட்டில் தங்கல். அவன் கார் வளைவில் திரும்பியதோ இல்லையோ, அக்கா கையில் பாட்டிலோடு கீழே இறங்கிவிட்டாள். நான் பக்கத்துத் தோட்டத்தில் அத்திப்பழம் பறித்துக்கொண்டிருந்தேன், எனக்குத் தெரியாது. அண்டா நிறையத் தண்ணீர், அதில் தாராளமாக ப்ளீச், மேலே மூடி. குழாய்க்குள் இருக்கிற எதுவாக இருந்தாலும் காலைக்குள் சாகட்டும், நசீப் வருவதற்குள் கொட்டிக் கழுவிவிடலாம் என்பது அவள் கணக்கு.

நசீப் தம்பி மனைவியோடு ஏதோ மனஸ்தாபம் ஆகி விடிந்ததும் கிளம்பிவிட்டான். எங்கள் கணக்குக்கு ரொம்ப முன்னாலேயே வந்து சேர்ந்தான். மேலேகூட வரவில்லை, சாமானைத் தூக்கிக்கொண்டு நேராகக் கீழே போனான். மூடியைத் திறந்தான். உள்ளே தண்ணீர். பெய்ரூத் போக்குவரத்தில் புகை குடித்த மூக்கு, வாசனை எதுவும் தெரியவில்லை. ஹியாம் என் வேலையைக் குறைக்கத் தண்ணீர் நிரப்பி வைத்திருக்கிறாள் என்று நினைத்து, என்மேல் அன்பு பொங்கி, அமிலத்தைத் திறந்து உள்ளே ஊற்றினான்.

நான் மேலே காபி வைத்துக்கொண்டிருந்தேன். அக்கா தலையில் துணியைக் கட்டிக்கொண்டு படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தாள். பாதியில் நின்றாள். அவளுக்கு அந்த நெடி தெரியும். திரிப்போலியில் ஒரு தடவை குளியலறையில் ப்ளீச்சையும் அடைப்பு எடுக்கிற அமிலத்தையும் ஒன்றாக ஊற்றி, அடுத்த வீட்டுக்காரர்கள் கதவை உடைத்து இவளை வெளியே இழுத்துப்போட்டார்கள். அதிலிருந்து ப்ளீச் கையில் இருந்தால் வேறு எதையும் பக்கத்தில் வைக்கமாட்டாள்.

"நசீப்! வெளிய வா!"

பதிலுக்கு இருமல்தான் வந்தது. கண்ணைத் திறக்க முடியாமல் அவன் அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். மேலே மஞ்சளும் பச்சையுமாக ஒரு புகை. அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்து, அவன் இடுப்பு பெல்ட்டைப் பின்னால் பிடித்து ஒரே இழுப்பு. மாதுளை மரத்தடி வரைக்கும் விடவில்லை. நான் ஓடி வந்தபோது தோட்டத்துக் குழாயைத் திறந்து அவன் கண்ணில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்டா," என்றான் நசீப், இருமலுக்கு நடுவில். "குழாயைத் திறந்து விடணும். எவர்சில்வர் பாழாயிடும். விடுங்க."

"உள்ள போனா நீதான் பாழாவ."

அவன் எழுந்தான். அக்கா அவனுக்கு முன்னால் ஓடிக் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினாள். சாவியை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டாள். "இப்ப வந்து எடு பார்க்கலாம்."

நசீப் என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் பார்த்தேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தால் எந்தப் பக்கம்தான் பார்ப்பது?

ஃபரீத் காரை எடுத்தான். ஜன்னல்கள் எல்லாம் திறந்து, வழியெல்லாம் நசீப் இருமி, வழியெல்லாம் அக்கா, "பேசாதே, மூச்சை மட்டும் விடு" என்று சொல்லி, மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தோம். முகமூடி வைத்துக் காற்று கொடுத்தார்கள். டாக்டர் ஒரு சின்னப் பெண். கொஞ்ச நேரம் போயிருந்தால் நிலைமை வேறு, இப்போது பயமில்லை, ஆனாலும் நாளைக் காலை வரை இங்கேயே இருக்கட்டும் என்றாள். பயமில்லை என்ற சொல் காதில் விழுந்தவுடன் அவர்கள் இரண்டு பேரும் ஆரம்பித்துவிட்டார்கள்.

"என்னைக் கேக்காம ஏன் ப்ளீச் ஊத்தினீங்க?"

"உள்ள என்ன இருக்குன்னு பாக்காம நீ ஏன் அமிலம் ஊத்தின?"

"என் வீடு, என் அண்டா!"

"என் தங்கச்சி வீடு! விதவையா உக்காரணுமா அவ?"

டாக்டர் பெண் நடுவில் வந்தாள். "ரெண்டு பேரும் வெளிய போயி சண்டை போடுங்க." பிறகு யோசித்து, "இல்ல, நோயாளி உள்ளதான் இருக்கணும். அம்மா, நீங்க மட்டும் போங்க" என்றாள்.

ஊரில் தீயணைப்புத் தொண்டர்கள் முகமூடி போட்டுக்கொண்டு வந்து, ஃபரீத் அக்காவிடம் வாங்கிப்போன சாவியால் அறையைத் திறந்து, காற்றாட விட்டு, அண்டாவை நிறையத் தண்ணீர் விட்டுக் காலிசெய்துவிட்டுப் போனார்கள். மறுநாள் நசீப் வீடு திரும்பினான். நல்ல சட்டை மாற்றிக்கொண்டு துக்க வீட்டுக்குப் போகிறவன் மாதிரி கீழே போனான்.

அண்டாவின் உள்பக்கம் முழுக்கப் பழுப்புத் திட்டுகள். கண்ணாடி மாதிரி இருந்தவள் அம்மை கண்டவள் மாதிரி இருந்தாள். அவன் மூடியை எடுத்து மெதுவாக மூடிவிட்டு மேலே வந்தான். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. கத்தியிருந்தால் பரவாயில்லை.

அதன்பிறகு வீட்டில் பேச்சுவார்த்தை எல்லாம் என் வழியாகத்தான்.

"ஹியாம், உன் அக்காகிட்ட உப்பு குடுக்கச் சொல்லு."

"ஹியாம், உப்பு அவன் மூக்குக்கு முன்னாடி இருக்குன்னு உன் புருஷன்கிட்ட சொல்லு."

நானும் இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தேன். அக்கா பெட்டியைக் கட்டில்மேல் எடுத்து வைத்திருந்தாள், ஆனால் மூடவில்லை. நான் கதவருகே நின்றேன். "அவன் கண்ணு அப்படி சொருகிடுச்சே, ஹியாம்," என்றாள் என்னைப் பார்க்காமல். "நான் அஞ்சு நிமிஷம் கழிச்சு எறங்கியிருந்தா என்ன ஆயிருக்கும்?" நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் என் கையைப் பிடிக்கவில்லை. என் சட்டைக் கையில் இருந்த கறையைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

அபூனா பெஷாரா வந்தது அந்த வாரக் கடைசியில். உடம்பை விசாரித்தார். பிறகு தாடியைத் தடவிக்கொண்டு, "திருநாளுக்கு பீர் உண்டா இல்லையா, வாத்தியாரே? இல்லன்னா சொல்லிடுங்க. தப்பா நினைக்க மாட்டோம்" என்றார்.

நசீப் வாயைத் திறந்தான். அதற்குள் சமையலறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "உண்டு, அபூனா."

சாமியார் போகிற வரைக்கும் நசீப் பொறுத்தான். பிறகு, மருத்துவமனைக்குப் பிறகு முதல் தடவையாக, நேரடியாக அவளிடம் பேசினான். "எதுல காய்ச்சறது? உங்க தலையிலயா?"

"அண்டாவை நான் கெடுத்தேன், நானே சரிபண்றேன். எதைத் தொடணும், எதைத் தொடக்கூடாதுன்னு பக்கத்துல நின்னு சொல்லு. நீ சொல்லாம ஒரு சொட்டு ஊத்த மாட்டேன். நீயும் என்கிட்ட சொல்லாம ஊத்தக்கூடாது."

"கதவு ஜன்னல் எல்லாம் திறந்திருக்கணும்," என்றான்.

"திறந்துட்டுத்தான் வந்தேன்."

அடுத்த நாள் காலை கீழே ஒரு காட்சி. அக்கா முழங்கை வரை ரப்பர் கையுறை, கண்ணுக்கு எங்கள் பேரன் விட்டுப்போன மீன் படம் போட்ட நீச்சல் கண்ணாடி. நசீப் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான், இருமல் இன்னும் முழுசாகப் போகவில்லை. அக்கா பழக்கதோஷத்தில் பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரை எடுத்தாள். அவன் போட்ட அலறலில் எனக்கு மாடியில் கை தவறியது.

"கம்பி வேணாம்! கீறிடும்! கம்பித் துணுக்கு ஒட்டிக்கிட்டா அதுவே துருப்பிடிக்கும். ஸ்பாஞ்சு. மெத்துன்னு இருக்கறது."

"மெத்துன்னு தேச்சா அழுக்கு போகுமா?"

"தேய்க்கறது நீங்க இல்ல, வெந்நீரும் சலவை சோடாவும். நீங்க சும்மா பொறுமையா இருங்க."

"அதுதான் எனக்கு வராது."

இருந்தாலும் இருந்தாள். சோடா போட்ட வெந்நீரில் பழைய பீரின் பிசுக்கெல்லாம் ஊறிக் கழன்றது. கொட்டினார்கள், அலசினார்கள், மறுபடி அலசினார்கள். வாளி ஒவ்வொன்றையும் அக்கா மோந்து பார்த்து, மிச்சம் மீதி இல்லை என்று தெரிந்த பிறகுதான் அடுத்ததைத் தொடவிட்டாள். இப்போது துருத் திட்டு. அதற்கு எலுமிச்சை உப்பு என்றான் நசீப். ஊறுகாய்க்கும் அத்திப்பழ ஜாமுக்கும் போடுகிற அதே உப்புதான். அக்கா மரியானா கடைக்குப் போய் இருந்ததை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்தாள். "என்ன லோரிஸ், ஊருக்கே ஜாமா?" என்று கேட்டாளாம் மரியானா. "இல்ல, ஒரே ஒரு அண்டாவுக்கு" என்றாளாம் இவள்.

சூடான எலுமிச்சைத் தண்ணீரில் பழுப்பு மெல்ல மெல்லக் கரைந்தது. சாயங்காலம் அலசி முடித்ததும் அக்கா துணியை எடுத்தாள்.

"துடைக்காதீங்க."

"ஈரமா விடறதா?"

"கவுத்து வெச்சுடுங்க. காத்துல தானா காயணும். காத்து பட்டுப்பட்டுத்தான் எவர்சில்வர் தனக்கு ஒரு தோல் போத்திக்கும். கண்ணுக்குத் தெரியாது. அது இருந்தாத்தான் துரு ஏறாது. உங்க ப்ளீச் உரிச்சது அதைத்தான்."

அக்கா துணியைக் கையில் வைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிவதைப் பார்த்தபடி நின்றாள். பாவம், அவளுக்கு உடம்பெல்லாம் அரித்திருக்கும்.

"சரி," என்றாள் கடைசியில். "இப்ப என் முறை. அந்தக் குழாயைக் கழட்டு."

நசீப் முனகினான். ஆனாலும் ஸ்பேனரைக் கொண்டுவந்தான். மரை இறுகியிருந்தது, ஃபரீத் வந்து ஒரு முனையைப் பிடித்தான். கழன்று கைக்கு வந்ததும் உள்ளே இருந்த உருண்டையை வெளியே தள்ளினார்கள். அதைச் சுற்றி, கறுப்பாக, வழவழப்பாக, மழைக்கால ஓடையில் கல்லின் அடியில் இருக்குமே, அந்த மாதிரி ஒன்று அப்பியிருந்தது.

அக்கா அதை ஒரு தட்டில் வைத்து நசீப்பின் மூக்குக்குக் கீழே நீட்டினாள். "மோந்து பாரு, மாப்பிள்ளை."

நசீப் மோந்து பார்த்தான். எழுந்து மாதுளை மரம் வரைக்கும் போனான். திரும்பி வந்து, "சின்ன ப்ரஷ் ஏதாவது இருக்கா?" என்று கேட்டான்.

"என்கிட்ட எல்லா அளவுலயும் இருக்கு" என்றாள் அக்கா, ராணி மாதிரி.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல ஆசைதான். ஆனால் அண்டா காய்ந்த பிறகு நசீப் டார்ச் அடித்துப் பார்த்தான். திட்டு போயிருந்தது, அடிப்பக்கம் ஊசி குத்தினாற்போல குழிகள் நின்றுவிட்டன. நகத்தால் தடவினால் தட்டுப்பட்டது. "இதுக்குள்ள கிருமி ஒளிஞ்சுக்கும். எவ்வளவு கழுவினாலும் வெளிய வராது. மறுபடியும் புளிக்கும்" என்றான். அக்காவின் முகம் வாடிப்போனது.

எனக்குப் பசி வேறு. இந்த இரண்டு பேருக்கும் நாள் முழுக்கச் சாப்பாடு ஞாபகமே இல்லை. "ரெண்டும் ஒரே அச்சுதானே?" என்றேன் வாசலில் நின்றபடி. "குழி விழுந்ததை அடுப்புல ஏத்து. கொதிக்கறப்போ எந்தக் கிருமியால ஒளிய முடியும்? அடி கறுத்தது உள்ள நல்லாத்தானே இருக்கு? அதுல ஈஸ்ட் போட்டு மூடி வை."

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?" என்றாள் அக்கா.

"யாரு என்னைக் கேட்டீங்க? உப்பு எங்கன்னு மட்டும்தானே கேட்டீங்க."

அப்படியாகச் சக்களத்தி அடுப்பில் ஏறினாள். அடி கறுத்தவளை உள்ளே சோடாவும் எலுமிச்சை உப்பும் போட்டுக் கழுவி, வெயிலில் கவிழ்த்துக் காயவைத்து, கொதிக்கிற தண்ணீர் விட்டுக் கிருமி போக்கி, குழாயைப் பிரித்துச் சேர்த்து, அதில் ஈஸ்ட் போட்டு மூடினார்கள். மூடிமேல் அக்கா ஒரு துணியைக் கட்டி முடிச்சுப் போட்டாள். ஒருத்தருக்குத் தெரியாமல் இன்னொருத்தர் திறக்கக்கூடாதாம்.

திருநாள் அன்றைக்குக் கோயில் முற்றத்தில் நீள மேசைகள், கோதுமையும் கறியும் போட்ட ஹரீசேக் கஞ்சி கொதிக்கும் பெரிய பானைகள், வண்ண பல்புகள். நசீப்புக்குக் காலையிலிருந்து ஒரு வாய் இறங்கவில்லை. முதல் கோப்பையை ஃபரீத்திடம் நீட்டினான். ஃபரீத் ஒரு வாய் குடித்தான். கண்ணை மூடினான். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் அவன் தொண்டையையே பார்த்தார்கள். அவன் மிச்சத்தையும் குடித்துவிட்டுக் கோப்பையை மறுபடி நீட்டினான். நசீப் உட்கார்ந்துவிட்டான். நான் அவன் கழுத்தில் கை வைத்தேன், வேர்த்து ஊற்றியிருந்தது.

அக்காவுக்கும் கொடுத்தான். அவள் பீர் குடித்தே பழக்கமில்லாதவள். நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்தாள்.

"கசக்குது."

"கசக்கணும்."

"புளிக்கலையே?"

"புளிக்கல."

"அப்ப சரி. எனக்கு ஜல்லாப் சர்பத் குடு" என்று கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மேசை மேசையாகப் போய், "குழாயெல்லாம் கழட்டிக் கழுவினது, தைரியமா குடிங்க" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு வந்தாள். நசீப்புக்கு மானம் போயிற்று. ஆனால் தடுக்கவில்லை.

மறுநாள் காலை, கோயிலுக்குப் பீர் கொண்டுபோன பீப்பாய்கள் காலியாக வந்து சேர்ந்தன. முதலில் சோடாவா வெந்நீரா என்று இரண்டு பேரும் ஆரம்பித்தார்கள். நான் துண்டை எடுத்துக்கொண்டு ஃபரீத் மனைவியோடு பத்ரூன் கடலுக்குப் போய்விட்டேன். நன்றாக நீந்தினேன், ஐஸ் போட்ட எலுமிச்சைச் சாறு குடித்தேன், பாறைமேல் கொஞ்சம் தூங்கினேன். சாயங்காலம் திரும்பி வந்தால் சமையலறைத் தரையில் ஒரு பழைய துணியை விரித்து அவர்கள் இரண்டு பேரும் எதிரெதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் திருகாணி, வளையம், ரப்பர், இன்னும் என்னென்னவோ. பீப்பாய் முடிந்ததும் கை சும்மா இருக்கவில்லையாம். என் சமையலறைக் குழாயைக் கழற்றியிருந்தார்கள்.

"உள்ள எவ்வளவு அழுக்கு தெரியுமா, ஹியாம்?" என்றாள் அக்கா, ரொம்ப சந்தோஷமாக.

"சரி, மாட்டுங்க. கை கழுவணும்."

நசீப் ஒரு ரப்பர் வளையத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "இது முதல்லயா, அந்தப் பெரிய வளையத்துக்கு அப்புறமா?" என்று அக்காவிடம் கேட்டான்.

"கழட்டினது நீதானே?"

"என் கையிலேருந்து வாங்கி வரிசையா வெச்சது நீங்கதானே?"

நான் ஃபரீத் வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டேன்.